நூலின் நிறம், பூச்சின் நிறம்

பிற நிறங்களைக் கலந்து பெற முடியாதது மூல நிறம். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி மூல நிறங்களை ஐந்தாக வகுக்கிறது. அவற்றின் கலப்பில் பிறப்பவற்றை எண்ணி முடியாது என்று சொல்லி மேலே செல்கிறது. ஐந்து எப்படி எண்ணற்றதாகிறது என்பது ஓவியருக்குக் கைப்பழக்கம் சார்ந்த வேலை. தத்துவ நூலாருக்கு அதுவே உலகத்தைப் பற்றிய கேள்வி. கலவையில் தோன்றும் நிறம் புதிதாகப் பிறந்ததா, முன்பே இருந்ததன் வேறு நிலையா, அல்லது கண்ணளவில் நிற்கும் தோற்றமா?

இக்கேள்வியின் இரு பக்கங்களும் தமிழ்நாட்டின் வடபகுதியில் அருகருகே கிடைக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் ஊர்களின் பக்கத்தில் மலையம்பட்டு என்ற சிற்றூரை ஒட்டி நிற்கிறது ஆர்மாமலை. அதன் குகையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் உள்ளன. இயற்கைக் குகைக்குள் சுடாத மண்கல்லால் சுவர் எழுப்பிக் கோயிலாக்கி, பாறையின் மீது சுண்ணச்சாந்து பூசி, எண்திசைக் காவலரையும் தாமரைத் தடாகத்தையும் தீட்டியிருக்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பது சிறிதே. ஆட்டின் மீது துணைவியுடன் அமர்ந்த அக்கினியை அதில் அடையாளம் காணலாம். அங்கிருந்து கிழக்கே, திருக்கடிகை என்று ஆழ்வார் பாசுரங்கள் போற்றும் சோளிங்கர் இருக்கிறது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான இவ்வூர், 16ஆம் நூற்றாண்டில் ‘உலகின் பன்மை மெய்யானது’ என்று வாதிட்ட, இராமானுசர் வழிவந்த வைணவ ஆசாரியர் தொட்டாச்சார்யாரின் ஊர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலூரில், அதே நூற்றாண்டில், அத்வைதப் பேரறிஞர் அப்பைய தீட்சிதர் சின்னபொம்ம நாயக்கரின் ஆதரவில் எழுதிக்கொண்டிருந்தார்.

சுவரோவியத்தில் நிறங்கள் குறைவாக இருப்பதற்கு முதற்காரணம் சுண்ணாம்பு. சாந்து ஈரமாக இருக்கும்போது பூசிய நிறப்பொடியை, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. வேறு பசை வேண்டியதில்லை. உலர்ந்த சுவரில் தீட்டினால் பசை தேவை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், எருமைத்தோலை நீரில் வெண்ணெய்ப் பதமாகும் வரை கொதிக்கவைத்து எடுக்கும் வச்சிரலேபத்தை இதற்குச் சொல்கிறது. தோல் பதனிடும் ஊர்களின் கழிவுத்தோலிலிருந்து இன்றும் காய்ச்சப்படும் வச்சிரப்பசை அதன் வழிவந்ததுதான். ஆனால் சுண்ணாம்பு பசை தருவதோடு நிற்பதில்லை, நிறத்தையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான தாவரச் சாயங்கள் அதன் காரத்தில் வெளிறிப்போகும். தாங்கி நிற்பவை மண்ணும் கல்லும் கரியும்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் ஓவியங்களை ஆய்ந்து சொன்ன பட்டியல் இதை உறுதிசெய்கிறது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்குப் பச்சை மண், நீலத்துக்கு அல்ட்ராமரின். ஆறே பொருள்கள். குளத்து மீனும் யானையும் மலர் பறிக்கும் துறவியும் இந்த ஆறிலிருந்து வந்தவை. ஆர்மாமலையின் தாமரைத் தடாகம் சித்தன்னவாசலின் தடாகத்தோடு ஒப்புநோக்கப்படுவது. கைமுறையில் இரண்டும் ஒரே குடும்பம்.

இந்த ஆறிலும் இரண்டை ஒன்றாக்கலாம். மஞ்சள் காவியில் இரும்பு ஆக்சைடு நீரோடு பிணைந்திருக்கிறது. அந்த மண்ணைச் சுட்டால் நீர் நீங்கும், மஞ்சள் சிவப்பாகும். ஒரே கட்டியைப் பாதி சுட்டும் பாதி சுடாமலும் வைத்துக்கொண்டால் இரண்டு நிறம் கையில் இருக்கும். சுட்டதனால் வந்த சிவப்பு எங்கே பிறந்தது என்று வைசேடிகரும் நியாயரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். சூளையில் பானை சிவப்பதே அவர்களுடைய எடுத்துக்காட்டு. தீயில் பானை அணுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அணுவும் தனித்தனியே நிறம் மாறி, மீண்டும் பானையாகச் சேர்கிறது என்பது வைசேடிகரின் பீலுபாகவாதம். பானை பானையாக இருந்தபடியே முழுவதும் நிறம் மாறுகிறது என்பது நியாயரின் பிடரபாகவாதம். காவியைப் பொறுத்தவரை மாற்றம் நுண்ணிய படிகங்களின் உள்ளே நிகழ்கிறது. கட்டி உடைந்து மீண்டும் கூடுவதில்லை. ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

கலக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. இரண்டு நிறம் கலந்தால் தெளிவு இருக்கும், மூன்று கலந்தால் அடக்கம் வரும், நான்கைந்தைச் சேர்த்தால் சேறாகும். ஈரச்சாந்தில் தீட்டும்போது இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது. பூசும்போது அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும். எனவே காய்ந்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஈரமான கலவையைச் செய்ய வேண்டும். ஒரு நாளுக்குரிய சாந்தின் மீது அன்றே தீட்டி முடித்து, மறுநாள் பக்கத்துப் பரப்பில் அதே உடல்நிறத்தை மீண்டும் கலக்க வேண்டும். காவி இத்தனை பங்கு, சுண்ணாம்பு இத்தனை பங்கு என்ற அளவு கையில் நின்றால்தான் இது நடக்கும். பொருள்கள் குறைவாக இருப்பது இங்கே வறுமை இல்லை, அதுதான் ஓவியரின் பிடி.

நீலம் அரிது. லாபிஸ் லாசுலி கல் ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வரவேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஓவியர்கள் கரியையும் சுண்ணாம்பையும் கலந்து சாம்பல் நிறம் செய்து, செங்காவிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். சூடான சிவப்பின் அருகே அச்சாம்பல் நீலமாகத் தெரியும். அந்த நீலம் சுவரில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா?

இந்த இடத்தில் ஓவியரின் பலகை தத்துவத்தின் எடுத்துக்காட்டாக மாறுகிறது. அப்படி மாற்றிய மிகப் பழையவர்களுள் ஒருவர் கிரேக்கத்தின் எம்பெடாக்ளிஸ், காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஓவியர் சில வண்ணங்களைக் கூட்டியும் குறைத்தும் கலந்து மரங்களையும் மனிதர்களையும் விலங்குகளையும் தேவர்களையும் ஆக்குவதுபோல, நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு வேர்களின் கலப்பே எல்லாப் பொருளும் என்றார் அவர். பிறப்பு என்று எதுவும் இல்லை. கலப்பும் பிரிவுமே உண்டு. அவருக்குப் பின்வந்த ஓவியர் அப்பெல்லீஸ் முதலானோர் வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, கருமை என்ற நான்கோடு நின்றதாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். 1920இல் மறைந்த ஸ்வீடன் ஓவியர் ஆந்தர்ஸ் சோர்னின் பெயரால் இன்றைய ஓவியப் பள்ளிகள் கற்பிக்கும் பலகையும் ஏறக்குறைய இதுவே. செங்காவியின் இடத்தில் அவருக்கு வெர்மிலியன் சிவப்பு.

இந்தியச் சிந்தனையில் இதைவிடச் சுருக்கமான பலகை சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் இருக்கிறது. அங்கே நிறம் மூன்றுதான். தீயில் காணும் சிவப்பு தேஜஸ் என்னும் ஒளிப்பூதத்தின் நிறம், வெண்மை நீரின் நிறம், கருமை நிலத்தின் நிறம். தீயில் மூன்றும் உள்ளன. கதிரவனிலும் திங்களிலும் மின்னலிலும் அப்படியே. மூன்று நிறங்களைத் தனித்தனியே அறிந்த பின், ‘தீ’ என்பது சொல்லளவில் நிற்கும் பெயராகிறது. மூன்று நிறங்களே மெய் என்று உபநிடதம் முடிக்கிறது. சுவேதாசுவதர உபநிடதம் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற மூன்று நிறமுடைய பிறப்பிலி ஒருத்தியைப் பேசுகிறது. அவள் சாங்கியர் கூறும் முக்குணப் பிரகிருதியா, சாந்தோக்கியம் சொன்ன மூன்று பூதங்களா என்பதைப் பிரம்ம சூத்திரம் தனி விவாதப் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. பூதங்களே என்கிறார் சங்கரர். பிரம்மத்தைச் சார்ந்து நிற்கும் பிரகிருதி என்கிறார் இராமானுசர்.

பின்வந்த வேதாந்தம் மூன்றை ஐந்தாக்கி, கலப்புக்கு அளவும் வகுத்தது. பஞ்சீகரணம் என்னும் அந்தக் கணக்கில், ஒவ்வொரு பூதமும் பாதி தானாகவும் மற்ற நான்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வீதம் ஏற்றதாகவும் இருக்கிறது. நாம் காணும் நிலத்தில் அரைப்பங்கே நிலம். எது மிகுந்திருக்கிறதோ அதன் பெயரால் பொருள் அழைக்கப்படுகிறது. ஓவியர் தன் கலவைக்குப் பெயரிடுவதும் இப்படித்தான். காவி மிகுந்த கலவையைக் காவி என்பார், அதற்குள் சுண்ணாம்பு இருந்தாலும். சைவ மரபின் ‘உண்மை விளக்கம்’ ஐம்பூதங்களுக்கு நேராகவே நிறம் கொடுக்கிறது: நிலத்துக்குப் பொன்னிறம், நீருக்கு வெண்மை, தீக்குச் சிவப்பு, காற்றுக்குக் கருமை, வானுக்குப் புகைநிறம். சுவரோவியரின் மஞ்சள் காவி, சுண்ணாம்பு, செங்காவி, கரி, கரியும் சுண்ணாம்பும் சேர்ந்த சாம்பல் ஆகியவற்றை இதன் பக்கத்தில் வைத்தால் ஐந்தும் ஒட்டி நிற்பது வியப்பளிக்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. இரண்டு பட்டியலும் கண்ணெதிரே கிடக்கும் மண்ணையும் புகையையும் பார்த்து எழுந்தவை என்பது போதும்.

இராமானுசர் இதிலிருந்து துணிவான ஒரு முடிவுக்குப் போகிறார். எல்லாவற்றிலும் எல்லாம் கலந்திருப்பதால், சிப்பியில் வெள்ளி தெரியும்போதுகூட அங்கே வெள்ளியின் கூறு சிறிதளவு உண்மையாகவே உண்டு. காட்சி பொருளற்றதைக் காட்டுவதில்லை. யதார்த்த கியாதி என்று பெயர்பெற்ற இக்கொள்கையைச் சாம்பலில் தெரியும் நீலத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். நுண்ணிய கரித்துகள் வெள்ளையோடு கலக்கும்போது சற்றே நீலச்சாயல் கொள்வது உண்மை. பக்கத்திலுள்ள சிவப்பு அதை மிகுத்துக் காட்டுகிறது. சிறிதாக இருப்பதைக் கண் பெரிதாக்குகிறது, இல்லாததை உண்டாக்கவில்லை. சிப்பியின் வெள்ளியைவிட இந்த நீலம் இராமானுசருக்கு நல்ல சாட்சி.

அத்வைதத்தின் விடை வேறு. செம்பருத்திப் பூவின் அருகில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரிகிறது; படிகத்தில் சிவப்பு ஒருபோதும் இல்லை. உலகின் பன்மையும் பிரம்மத்தின் மீது அவ்வாறே ஏற்றப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் வித்தியாரண்யர் தம் பஞ்சதசியில் ‘சித்திரதீபம்’ என்ற இயலை ஓவியத் துணியிலிருந்தே தொடங்குகிறார். துணி வெளுக்கப்படுகிறது, கஞ்சியிட்டு விறைப்பாக்கப்படுகிறது, கோடிடப்படுகிறது, வண்ணம் தீட்டப்படுகிறது. இந்த நான்கு நிலைக்கும் ஒப்பாகத் தூய அறிவு, அந்தர்யாமி, சூத்திராத்மா, விராட் என்ற நான்கு நிலைகள் பரம்பொருளுக்குச் சொல்லப்படுகின்றன. ஓவியத்திலுள்ள மனிதர்களுக்குத் தீட்டிய ஆடை உண்டு. அவர்களைத் தாங்கும் துணிக்கும் அந்த ஆடைக்கும் உறவில்லை. துணி வெள்ளையாகவே இருக்கிறது.

இராமானுசரும் ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு துணியை விரிக்கிறார். அது தீட்டிய துணி இல்லை, நெய்த துணி. வெள்ளை, கறுப்பு, சிவப்பு நூல்களால் ஒரே துணி நெய்யப்படுகிறது. துணி ஒன்றுதான், ஆனால் வெண்மை வெள்ளை நூல் ஓடும் இடத்திலும் சிவப்பு சிவப்பு நூல் ஓடும் இடத்திலுமே நிற்கிறது. அறிவுள்ளதும் அறிவற்றதும் ஈசுவரனும் சேர்ந்ததே உலகின் காரணம் என்றாலும், காரிய நிலையிலும் அவற்றின் இயல்புகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்பது அவர் காட்டும் பொருள். உயிரின் துன்பம் இறைவனைத் தொடாது. இறைவனின் நிறைவு சடத்துக்கு ஏறாது. ஆயினும் துணி ஒன்றே.

இரு துணிகளில் எது உலகம் என்பதே வேலூருக்கும் சோளிங்கருக்கும் இடையே நடந்த வழக்கு. வேதாந்த தேசிகர் அத்வைத மறுப்பாக எழுதிய ‘சததூஷணி’க்குத் தொட்டாச்சார்யார் செய்த உரையின் பெயர் ‘சண்டமாருதம்’. மகாசாரியர் என்றும் அறியப்பட்ட அவருக்கு எதிர்நிலையில், சிவாத்வைதத்தையும் அத்வைதத்தையும் ஒருசேர எழுதிய அப்பைய தீட்சிதர் நின்றார். அவருடைய சொந்த ஊரான அடையபலத்துக் கோயில் கல்வெட்டு ஒன்று 1582ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவருடைய புலமைக்கும் அவர் பாடம் சொன்னதற்கும் அது சான்று. நிறத்தின் பெயரால் இந்த வழக்கு நடக்கவில்லை. ஆனாலும் இரு பக்கத்து நூல்களிலும் சிப்பியும் படிகமும் துணியும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. ஒன்று பலவாகத் தெரிவதற்கு நிறத்தைவிடக் கைக்கெட்டிய சான்று வேறில்லை.

இராமானுசர் நிறக்கலவையை விட்டு நெய்த துணியைத் தேர்ந்தது ஏன் என்பது கேட்க வேண்டிய கேள்வி. குழைத்த வண்ணத்தில் மஞ்சளும் நீலமும் பச்சைக்குள் மறைந்துபோனதாகத் தோன்றும். அந்த உவமை உயிரும் இறைவனும் ஒன்றில் கரைவதற்கே துணைபோகும். ஆனால் கண்ணுக்குக் குழம்பியதாகத் தெரியும் மண்நிறக் கலவையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மஞ்சள் துகள் மஞ்சளாகவும் நீலத்துகள் நீலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைக் காணலாம். அவை ஒன்றையொன்று மாற்றவில்லை. பச்சை என்பது அத்துகள்களிலிருந்து ஒருசேர வரும் ஒளி. ஆகவே மண்நிறக் கலவையும் மிக நுண்ணிய நெசவுதான், நூல் மட்டும் கண்ணுக்குத் தெரியாதது. தொட்டாச்சார்யாரின் தரப்புக்கு ஓவியரின் குழைசட்டி பகையாக இருந்ததில்லை.

உண்மையான பகை மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் நீர் இரத்தச் சிவப்பாகிறது. மஞ்சளில் சிவப்பு இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. வைணவர் நெற்றியில் வெண்மையான திருமண்ணுக்கு நடுவே இடும் திருச்சூர்ணத்தின் பழைய செய்முறையும் மஞ்சளோடு சுண்ணாம்பு அல்லது வெங்காரம் சேர்ப்பதே. உலகாயதர் இதை ஒத்த ஒன்றையே, வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் சிவப்பையே, தம் ஆயுதமாக்கினர். பூதங்கள் சேரும்போது அறிவு அவ்வாறே தோன்றுகிறது, உயிர் என்று தனியே ஒன்று வேண்டாம் என்றனர். மணிமேகலையில் வரும் பூதவாதி ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து களிப்பு பிறப்பதைக் காட்டி அதையே சொல்கிறான். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. துகள்கள் அருகருகே கிடக்கும் விளக்கம் இங்கே செல்லாது. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் தன் அமைப்பையே சற்று மாற்றிக்கொள்கிறது.

ஆனால் அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மஞ்சள் திரும்புகிறது. மஞ்சள் அழிந்து சிவப்பு பிறந்திருந்தால் அது திரும்ப வழியில்லை. காரணத்தில் அடங்கியிருந்ததே காரியமாக வெளிப்படுகிறது என்ற சற்காரியவாதத்துக்கு, குடத்தையும் மண்ணையும்விட இதுவே வலுவான சான்று எனலாம். வெளிப்படாமல் இருப்பது இல்லாமல் இருப்பதாகாது. காஞ்சி வரதராசரின் கருட சேவையில் சிறிதுநேரம் குடையால் பெருமாளை மறைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ஓராண்டு காஞ்சிக்குச் செல்ல முடியாமல் சோளிங்கர்த் தக்கான் குளக்கரையில் உருகி நின்ற தொட்டாச்சார்யாருக்கு வரதர் அங்கேயே காட்சி தந்த நேரம் அது என்பது மரபு. மறைவை இன்மையாகக் கொள்ளாத ஒரு சமய மனம் அதில் தெரிகிறது.

மற்ற மரபுகளும் நிறத்தை எண்ணிக்கைக்குள் அடக்கியிருக்கின்றன. அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் ஏழு நிறம் சொல்கிறது: வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம், சித்திரம். ஏழாவதுதான் கவனிக்கத் தக்கது. நிறமில்லாத பொருள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொருளில் ஒரு நிறமே முழுதும் பரவி நிற்கும். பலநிற நூலால் ஆன துணி கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ‘பலநிறம்’ என்பதே தனியொரு நிறம். இராமானுசரின் துணியையே கையில் எடுத்து நியாயர் எதிர்முடிவுக்கு வந்தார்கள். நவ்விய நியாயருள் சிலர், நிறம் பொருளின் ஒரு பகுதியில் மட்டும் நிற்கலாம் என்று கொண்டு இந்த ஏழாம் நிறத்தைக் கைவிட்டனர்.

சமணருக்கு நிறம் புத்கலம் என்னும் சடப்பொருளின் உண்மைக் குணம்; கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என ஐந்து. வினையும் அவர்களுக்குச் சடப்பொருளே. எனவே வினை படிந்த உயிருக்கு நிறச்சாயல் ஏறுகிறது. கிருஷ்ணம், நீலம், காபோதம், தேஜஸ், பதுமம், சுக்கிலம் என்ற ஆறு லேசியைகள் அச்சாயலின் படிகள். பழமரத்தை வேரோடு வெட்ட நினைப்பவன் முதற்படியில் இருக்கிறான், தானே விழுந்த பழத்தைப் பொறுக்குபவன் கடைசிப் படியில் இருக்கிறான். மணிமேகலை கூறும் ஆசீவகரும் கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை என ஆறு பிறப்பு வகுத்தனர். ஓவியரின் பலகையில் சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் தாங்கும் தொடக்கம். இங்கே வெண்மை கடைசியில் அடையவேண்டியது. லேசியை எதுவும் இல்லாத நிலையே வீடு என்பதால், சமணரின் முடிவிடம் அந்த வெண்மையையும் கடந்தது.

ஈரச்சாந்து ஓவியம் வித்தியாரண்யரின் துணியிலும் அடங்காது, இராமானுசரின் துணியிலும் முழுதாக அடங்காது. நிறம் சுவருக்கு மேலே பூச்சாக நிற்பதில்லை. சுண்ணாம்பு இறுகும்போது அதன் மேற்பரப்புக்குள் பிணைந்து கல்லாகிவிடுகிறது. சுவரின் பாறையோடு பிறந்ததும் இல்லை. துணியிலிருந்து வண்ணத்தைக் கழுவி எடுப்பதுபோல அதைத் தனியே நீக்க வழியில்லை. ஆர்மாமலையில் சாந்து உதிர்ந்த இடங்களில் வெறும் பாறை தெரிகிறது. அங்கே நிறம் தானாக மங்கி மறைந்துவிடவில்லை, தன்னைப் பிடித்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்தே கீழே விழுந்தது. சாந்து ஒட்டியிருக்கும் இடங்களில், ஆட்டின் மீது அமர்ந்த அக்கினியைச் சுற்றி, அது இன்னும் பிணைந்தே இருக்கிறது.